ஊருக்குப் பக்கத்தில் காத்தாடி வரப்போகிறதா? கொங்கு மேட்டுக்காட்டு மக்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பூளவாடி, குடிமங்கலம், பெதப்பம்பட்டி, குண்டடம், மூலனூர் பக்கம், காத்தாடி என்று நாம் சொல்லும் காற்றாலைகள் புதிதல்ல. தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டன. ஆனால் அன்று வந்தவை பனைமரத்தைவிடக் கொஞ்சம் உயரமான மெஷின்கள். இன்று நிலம் கேட்டு வருபவர்கள் நிறுத்தப்போவது இறக்கை நுனிவரை அளந்தால் 200 மீட்டரைத் தொடும் மெஷின்கள். அதனால் பழைய பழக்கத்தை வைத்துக்கொண்டு "இதெல்லாம் பார்த்ததுதானே" என்று கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றாலை வேண்டும். நிலக்கரி எரித்து எடுக்கும் மின்சாரத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஊர்க்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இறக்கை சுற்றுவதால் அல்ல, பத்திரத்தாலும் பாதையாலும்தான். கீழே உள்ள பதில்களில் அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஊரை ஏன் தேடி வருகிறார்கள்?

காற்றுக்காகத்தான். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. அதில் சில இடங்களில் மட்டும் இடைவெளி. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் விரிகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் கணவாய்களிலும் இதே கதைதான். வைகாசியில் பிடிக்கும் காற்று புரட்டாசி வரை அடிக்கிறது. ஆண்டு முழுவதற்குமான உற்பத்தியில் பெரும்பகுதி அந்த ஐந்து மாதங்களிலேயே கிடைத்துவிடும்.

எங்களைக் கேட்காமலே கொண்டுவந்து நிறுத்திவிட முடியுமா?

ஏறக்குறைய முடியும். பலருக்கும் இது அதிர்ச்சியாக இருக்கும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப் பட்டியலில் காற்றாலை இல்லை. அதனால் ஒரு சிமெண்ட் ஆலைக்கோ அனல்மின் நிலையத்துக்கோ நடக்கிற பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இதற்கு நடக்காது. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் 2016இல் காற்றாலையை 'வெள்ளை' வகையில், அதாவது மாசு மிகக் குறைந்த தொழில்களோடு சேர்த்துவிட்டது.

புகை இல்லை, கழிவுநீர் இல்லை என்ற வகையில் அது சரிதான். ஆனால் ஒரு மெஷினுக்கு இருந்த அதே நடைமுறை ஒரு வட்டாரம் முழுக்க நூறு மெஷின் வரும்போதும் தொடர்வது நியாயமில்லை என்பது என் கருத்து. சட்டம் மாறும்வரை நம் கையில் இருப்பது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எந்தெந்த சர்வே எண்ணில் மெஷின் வருகிறது, எந்த வழியாக லாரி வரும், மின்கம்பி எந்தப் பக்கம் போகும் என்று வரைபடத்தோடு சபையில் வந்து விளக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அந்தத் தீர்மானத்தால் திட்டம் நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். ஆனால் பின்னால் ஆட்சியரிடமோ நீதிமன்றத்திலோ போய் நிற்கும்போது கையில் ஒரு காகிதம் இருக்கும்.

வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

ஒன்றிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இரண்டு அளவுகள் உள்ளன. சத்தத்தைக் கருதி, குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பாதுகாப்பைக் கருதி, சாலை, கட்டடம், ரயில் பாதை, உயரழுத்த மின்தடம் ஆகியவற்றிலிருந்து தூணின் உயரத்தோடு இறக்கை வட்டத்தின் பாதி விட்டத்தையும் கூட்டி, மேலும் 5 மீட்டர் சேர்த்த தூரம் விட வேண்டும். தூண் 120 மீட்டர், இறக்கை வட்டம் 140 மீட்டர் விட்டம் என்றால் 120 + 70 + 5 = 195 மீட்டர்.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கைபேசி வரைபடத்தில் மெஷின் வரும் இடத்திலிருந்து உங்கள் வாசல்வரை கோடு இழுத்தால் தூரம் தெரிந்துவிடும். தோட்டத்துச் சாளைகள் (தோட்டத்திலேயே இருக்கும் வீடுகள்) விடுபட்டுப் போவதுதான் நம் பக்கத்துப் பிரச்சினை. ஊர் நத்தத்திலிருந்து, அதாவது ஊர்க் குடியிருப்பிலிருந்து அளந்துவிட்டு "அரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது" என்பார்கள். காட்டுக்குள் தனியாக இருக்கும் உங்கள் வீடு அவர்கள் வரைபடத்திலேயே இருக்காது. வீட்டு வரி ரசீதையும் மின் இணைப்பு எண்ணையும் வைத்து, "இங்கே நாங்கள் குடியிருக்கிறோம்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

சத்தம் தாங்க முடியுமா?

பகலில் பெரும்பாலும் தெரியாது. ராத்திரிதான் தொந்தரவு. தரையில் காற்று அடங்கி, மேலே மட்டும் காற்று ஓடும் நேரத்தில் 'விஷ்... விஷ்...' என்று விட்டுவிட்டு வரும் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஒரே சீராக வரும் இரைச்சல் பழகிவிடும். இந்த ஏற்ற இறக்கம் சிலருக்குப் பழகுவதே இல்லை. பல்சக்கரம் தேய்ந்த பழைய மெஷின் என்றால் முனகலும் சேர்ந்துகொள்ளும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் வரம்பு. ஒரு மெஷின் அரை கிலோமீட்டரில் இருந்தால் சத்தம் பொதுவாக அந்த இரவு வரம்பை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோ இருக்கும். வீட்டைச் சுற்றி நாலைந்து இருந்தால் கணக்கு மாறும். எனவே "ஒரு மெஷினின் சத்தம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "எல்லாம் ஓடும்போது என் வீட்டு வாசலில் எவ்வளவு" என்று கேளுங்கள். புகார் தருவதானால் தேதி, நேரம், காற்றின் திசை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் கொடுத்து, இரவில் வந்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பகல் அளவீடு உங்களுக்கு உதவாது.

உடம்புக்கு ஏதாவது வருமா?

கர்ப்பிணிகளுக்கு ஆகாது, இதய நோய் வரும் என்றெல்லாம் பேச்சு உலவுகிறது. கனடா நாட்டுச் சுகாதாரத் துறை 1,238 வீடுகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், சத்தம் கூடக்கூட எரிச்சலும் கூடியது உறுதியானது. நோய்களோடோ தூக்கக் குறைவோடோ நேரடித் தொடர்பு தெரியவில்லை. காதுக்குக் கேட்காத தாழ் ஒலியால் கேடு என்பதற்கும் வலுவான சான்று கிடைக்கவில்லை. அதற்காக எரிச்சலை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் காற்றாலைச் சத்தத்துக்கென்றே தனியாக 45 டெசிபல் என்ற சராசரி வரம்பைப் பரிந்துரைத்திருக்கிறது. தூங்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை நம்ப வேண்டும்.

காத்தாடி வந்தால் மழை போய்விடுமா?

எந்த ஊருக்குப் போனாலும் வரும் கேள்வி இது. மகாராஷ்டிரத்திலும் இருபது ஆண்டுகளுக்கு முன், வறட்சிக் காலத்தில், இதே குற்றச்சாட்டு பெரிதாக எழுந்தது.

மழை மேகத்தின் அடிவயிறே பெரும்பாலும் அரை கிலோமீட்டருக்கு மேலே இருக்கும். அங்கிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரை மேகம் எழும்பி நிற்கும். காத்தாடியின் நுனி 200 மீட்டர். மேகத்தை அது தொடுவதும் இல்லை, துரத்துவதும் இல்லை. அப்படியானால் காத்தாடி இருக்கும் ஊர்களில் மழை குறைவாக இருப்பது ஏன்? ஏற்கெனவே மழை குறைந்த இடங்களைத்தான் அது தேடி வந்திருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் நாம் இருப்பது மழை மறைவுப் பிரதேசம். பாலக்காட்டில் கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்காற்றாக இங்கே வருகிறது. நம் தாத்தா காலத்திலும் தாராபுரம் பக்கம் ஆனி ஆடியில் காற்றுதான், மழை ஐப்பசியில்தான்.

ஒரு சின்ன மாற்றம் மட்டும் உண்மை. இறக்கைகள் மேல்காற்றையும் கீழ்காற்றையும் கலப்பதால், பெரிய காற்றாலைப் பண்ணைகளுக்குள் இரவில் தரை வெப்பம் சற்றுக் கூடுவதை அமெரிக்காவின் டெக்சாஸில் செயற்கைக்கோள் பதிவுகளை வைத்துக் கண்டறிந்தார்கள். அது அந்தப் பண்ணையோடு முடிந்துவிடும் விளைவு. மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நிலத்தை விற்பதா, குத்தகைக்கு விடுவதா?

என்னைக் கேட்டால், முடிந்தவரை குத்தகை. அதுவும் ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் உயரும் என்று எழுதிய குத்தகை. மெஷினின் ஆயுள் 20, 25 ஆண்டுகள். நிலத்துக்கு ஆயுள் இல்லை. ஒரே தவணையில் வரும் பணம் கல்யாணத்திலும் காரிலும் கரைந்துவிடுவதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பல நிறுவனங்கள் விற்பனைப் பத்திரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கும்.

எந்த வழியானாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உங்களிடம் வருபவர் பெரும்பாலும் நிறுவனத்தின் ஆள் அல்ல, புரோக்கர். அவர் முன்பணம் கொடுத்து வெற்றுத்தாளிலோ பதிவு செய்யாத அக்ரிமெண்டிலோ கையெழுத்துக் கேட்பார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து நில விற்பனை ஒப்பந்தத்தையும், நிலத்தை விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரத்தையும் கட்டாயம் பதிவு செய்தாக வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் பதிவு வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்பவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம். பவர் பத்திரம் கேட்டால் இன்னும் கவனம். நீங்கள் ஏக்கருக்கு ஒரு விலை பேசியிருப்பீர்கள். அவர் நிறுவனத்துக்கு வேறு விலைக்குக் கைமாற்றிவிடுவார்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் முதலில் அளந்து உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். அக்கா தங்கைகள் பங்கு தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சமி நிலமா என்று தாலுகா அலுவலகப் பதிவேட்டில் சரிபாருங்கள். பட்டியல் சாதியினருக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட அந்த நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்குக் கிரயம் செய்வது செல்லாது.

பத்திரத்தின் நடுவில், யாரும் வாசித்துக் காட்டாத இடத்தில், வழித்தட உரிமை பற்றிய வரி இருக்கும். வாகனமும் மின்கம்பியும் கேபிளும் "எக்காலத்திலும்" உங்கள் மீதி நிலத்தின் வழியே போகலாம் என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். இரண்டு ஏக்கர் விற்கிறோம் என்று நினைத்துப் பத்து ஏக்கரிலும் பாத்தியம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. எத்தனை அடி அகலம், எந்த எல்லையை ஒட்டி, எவ்வளவு காலம் என்று புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) வண்ணக்கோடு போட்டுப் பத்திரத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் நிறுவனம் கூட்டிவந்தவராக இருந்தால், ஆவணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் வக்கீலிடம் காட்ட இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

நான் நிலம் தரவில்லை, பக்கத்துக் காட்டுக்காரர் தந்துவிட்டார். எனக்கு என்ன பாதிப்பு?

பணம் அவருக்கு, புழுதி உங்களுக்கு என்ற நிலை இது. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

50, 60 மீட்டர் நீள இறக்கையை ஏற்றிய வண்டி, காடுகளுக்கு நடுவே வேலியோடு போகும் நம் இட்டேரிப் பாதையில் திரும்பாது. எனவே இட்டேரி அகலமாகும். இருபுறமும் கிளுவை வேலி இருக்கும். நட்டு வளர்த்து, முள்ளும் கொடியும் பின்னி, ஆட்டுக்குட்டி தலை நுழையாத அளவுக்கு அது அடர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பொக்லைன் ஒரு காலை நேரத்தில் அதை வாரிப் போட்டுவிடும். பதிலுக்குக் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டித் தருவதாகச் சொல்வார்கள். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவருக்கு அது ஈடாகாது. கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்ததுதான் கொறங்காடு. வேலி அடர்த்தியாக இருப்பதால்தான் காங்கயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் ஆள் நிற்காமலே மேயவிட முடிகிறது. வேலி போனால் மேய்க்க ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் ஆட்டை விற்க வேண்டும். அதனால் இழப்பீடு பேசும்போது வேலிக்கு இத்தனை மீட்டர் என்று தனியாகக் கணக்கு வையுங்கள். மறுபடி கிளுவைப் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) நட்டு, அது அடையும்வரை பராமரிக்கும் செலவையும் சேருங்கள்.

அடுத்தது தண்ணீர். மெஷினுக்குப் போகும் பாதையைச் செம்மண்ணும் ஜல்லியும் கொட்டி மேடாக்குவார்கள். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலின் கிளை மடையோ மழைநீர் ஓடும் பள்ளமோ குறுக்கே வந்தால் ஒரு சின்னக் குழாயைப் போட்டு மூடிவிடுவார்கள். ஐப்பசி மழையில் ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் காயும். ஓடைப் புறம்போக்கையும் வண்டிப்பாதையையும் அடைக்க யாருக்கும் உரிமையில்லை. புலப்படத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று வேலை தொடங்கும் முன்பே நகல் எடுத்து, இன்றைய நிலையைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். பாதை போட்ட பிறகு "இங்கே ஓடை இருந்தது" என்று நிரூபிப்பது பெரும்பாடு.

வழியில் பனை இருந்தால், அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்துவிட்டது. அதைக் கேட்டுப் பாருங்கள்.

என் காட்டில் மின்கம்பம் நட அனுமதி தர வேண்டுமா?

2006ஆம் ஆண்டின் மின் உரிமதாரர் பணி விதிகள்படி நில உரிமையாளரின் முன்சம்மதம் வேண்டும். நீங்கள் மறுத்தால் அவர்கள் ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். அங்கே உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கேளுங்கள். தந்திச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அமைப்பு உயரழுத்தக் கோபுரத் தடம் கொண்டுவந்தால் சம்மதம் தேவைப்படாது, இழப்பீடுதான். ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2024 ஜூனில் கோபுர அடிப்பரப்புக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி செல்லும் பாதைக்கு 30 சதவீதம் என்று வழிகாட்டியது. மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டிய வழிகாட்டுதல் அது. பேரம் பேசும்போது கையில் வைத்திருங்கள். தென்னந்தோப்பு என்றால் மரத்துக்கு மரம் கணக்குக் கேளுங்கள்.

போர்வெல் தண்ணீர் கீழே போகுமா?

சில மீட்டர் ஆழ அஸ்திவாரத்தால் 800, 1,000 அடி போர் வற்றாது. ஆனால் பாறையில் வெடி வைத்தால் பக்கத்துத் திறந்த கிணற்றின் சுவர் பிளக்கலாம். வெடிக்கு முன் கிணற்றைப் படம் எடுத்து ஒரு நகலை நிறுவனத்திடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கட்டுமானத் தண்ணீரை எந்த போரிலிருந்து எடுக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

மாலையில் இறக்கை நிழல் வீட்டுக்குள் வெட்டி வெட்டி விழுகிறதே?

சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில், மெஷினுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள வீடுகளில் விழும். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்று வரம்பு வைத்து, மீறினால் மெஷினை அந்த நேரம் நிறுத்துகிறார்கள். இங்கேயும் நிறுத்த முடியும், கேட்க வேண்டும்.

மயிலும் மற்ற பறவைகளும் என்ன ஆகும்?

மயில் தாழப் பறப்பது; அதற்கு இறக்கையைவிட மின்கம்பிதான் ஆபத்து. உயரத்தில் வட்டமிடும் பருந்து, வல்லூறு இனங்கள்தான் காத்தாடியிடம் தோற்பவை. மகாராஷ்டிரத்தின் சால்கேவாடி பீடபூமியில் இந்திய அறிவியல் கழகத்தினர் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், காற்றாலைகள் இருந்த இடத்தில் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அவற்றுக்கு இரையான ஓணான் வகை பெருகியிருந்தது. நம் காட்டில் பருந்து குறைந்தால் எலி என்ன ஆகும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இறக்கை முறியுமா? தீப்பிடிக்குமா?

இரண்டும் அரிதாக நடப்பதுண்டு. இடி விழுந்தும், பிரேக் பழுதாகியும், எண்ணெய் கசிந்தும் நடக்கிறது. நூறு மீட்டர் உயரத்தில் எரியும் மெஷினைத் தீயணைப்பு வண்டியால் அணைக்க முடியாது. தானாக எரிந்து அடங்க வேண்டும். காய்ந்த சோளத்தட்டுப் போர் பக்கத்தில் இருந்தால் தீப்பொறி போதும். போரை மெஷினை விட்டுத் தள்ளிப் போடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

இவ்வளவு மின்சாரம் எடுக்கிறார்கள், எங்கள் ஊரில் ஏன் கரண்ட் போகிறது?

அந்த மின்சாரம் ஊர் டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவதில்லை. தனிக் கம்பியில் துணைமின் நிலையத்துக்குப் போய் மாநில மின்கட்டமைப்பில் சேர்கிறது. பல மெஷின்கள் நூற்பாலைகள் தங்கள் பயன்பாட்டுக்காக வைத்திருப்பவை. வேலைவாய்ப்பும் அப்படித்தான்: கட்டும் மாதங்களில் நிறைய, கட்டி முடித்ததும் காவலுக்கும் பராமரிப்புக்கும் சில பேர். ஊருக்கு உறுதியாக ஏதாவது வேண்டும் என்றால் 2013 நிறுவனங்கள் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் செலவிட வேண்டிய 2 சதவீதச் சமூகப் பொறுப்பு நிதியைக் கேளுங்கள். செயல்படும் வட்டாரத்துக்கே முன்னுரிமை என்று சட்டமே சொல்கிறது.

எங்கள் ஊரில் பழைய காத்தாடி நிற்கிறது. அதை யார் எடுப்பது?

தமிழக அரசு 2024இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும், பெரியதாக மாற்றவும், ஆயுளை நீட்டிக்கவும் தனிக் கொள்கை வெளியிட்டது. அதனால் 225, 250 கிலோவாட் மெஷின்களைக் கழற்றிவிட்டு 2, 3 மெகாவாட் மெஷின்களை வைக்க வருவார்கள். இரும்பை எடைக்குப் போட்டுவிடுவார்கள். கண்ணாடி இழை இறக்கையை எடுக்க ஆளில்லை. கான்கிரீட் அஸ்திவாரமும் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். குத்தகைப் பத்திரத்தில் "காலம் முடிந்ததும் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை உடைத்தெடுத்து, மேல்மண் பரப்பி, இறக்கைகளை அகற்றித் தர வேண்டும்" என்று எழுதுங்கள். அதற்கான வைப்புத்தொகையையும் தொடக்கத்திலேயே வாங்குங்கள். பின்னால் நிறுவனம் கைமாறியிருக்கும். யாரைக் கேட்பது என்றே தெரியாது.

பழைய மெஷினுக்கு நீங்கள் கொடுத்த வழித்தடம் புதிய மெஷினுக்கும் தானாகப் பொருந்துமா என்பதையும் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 12 அடிப் பாதைக்குக் கொடுத்த உரிமையில் 30 அடிப் பாதை போட முடியாது.

பிரச்சினை வந்தால் யாரிடம் போவது?

பாதை, ஓடை, எல்லை என்றால் வட்டாட்சியர். நடவடிக்கை இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டம், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம். மின்கம்பி தாழ்வு, பூமி இணைப்புக் கோளாறு என்றால் மின் ஆய்வாளர். மெஷினுக்குப் பாதுகாப்புச் சான்று தருவது அவர் துறைதான். சத்தத்துக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். நீர்நிலை அடைப்பு போன்றவற்றுக்குச் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு.

எல்லா மனுவையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாள் கழித்து, அந்த மனுவின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தனியாகப் போவதைவிட, ஒரே இட்டேரியைப் பயன்படுத்தும் குடும்பங்கள் எல்லாம் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுப் போனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவையரை அனுப்பிவைப்பது சீக்கிரம் நடக்கிறது.